சோஃபியா துலீப் சிங்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்களின் ஓட்டுரிமை பற்றிப் பேசப் போகும் இடங்களில் எல்லாம் ஒரு புகைப்படத்தைக் காட்டுவது என் வழக்கம். 1913-இல் எடுத்தது. மென்மயிர் மேலங்கியும் தொப்பியும் அணிந்த ஒரு பெண், இளவரசி சோஃபியா துலீப் சிங், லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு வெளியே நின்று 'சஃப்ரஜெட்' பத்திரிகை விற்றுக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் உள்ள தட்டியில் 'புரட்சி!' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. "இவங்க நம்ம நாட்டுக்காரங்களா?" என்று யாராவது கேட்காமல் இருந்ததில்லை. அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இளவரசின்னு சொல்றீங்க, எந்த நாட்டுக்கு இளவரசி?

பஞ்சாபுக்கு. சோஃபியாவின் தாத்தா மகாராஜா ரஞ்சித் சிங், லாகூரிலிருந்து சீக்கியப் பேரரசை ஆண்டவர். அவர் 1839-இல் இறந்தபின் அரண்மனைக்குள் அடுத்தடுத்துக் கொலைகள் நடந்தன. கடைசியில் ஐந்து வயதுப் பிள்ளை துலீப் சிங்கை அரியணையில் உட்கார வைத்தார்கள். 1849-இல் கிழக்கிந்தியக் கம்பெனி பஞ்சாபைச் சேர்த்துக்கொண்டபோது அவருக்குப் பத்து வயது. நாட்டையும் கோகினூர் வைரத்தையும் விட்டுக்கொடுப்பதாக அந்தச் சிறுவனிடம் கையெழுத்து வாங்கினார்கள். தாய் ஜிந்த் கவுரை அதற்கு முன்பே பிள்ளையிடமிருந்து பிரித்துச் சிறை வைத்திருந்தார்கள்.

அந்தத் துலீப் சிங்கின் மகள்தான் சோஃபியா. பிறந்தது 1876 ஆகஸ்ட் 8. அப்போது ஆள்வதற்கு நாடு எதுவும் மிச்சமில்லை. பட்டம் மட்டும் இருந்தது.

நாட்டைப் பிடுங்கினது அவங்க. அவங்க மகாராணியே இவருக்கு ஞானத்தாயா? நம்பவே முடியலையே!

உண்மைதான். துலீப் சிங் சிறுவயதிலேயே கிறிஸ்தவராகி 1854-இல் இங்கிலாந்து போனார். விக்டோரியா மகாராணிக்கு அவர்மேல் தனிப் பிரியம். அவருடைய குழந்தை சோஃபியாவுக்கு ஞானத்தாயாக மகாராணியே இருந்தார். சஃபோக் பகுதியில் எல்வெடன் என்ற பெரிய பண்ணை மாளிகையில் குடும்பம் வாழ்ந்தது.

அந்த வாழ்க்கை நிலைக்கவில்லை. கடனும் மனக்கசப்பும் முற்றி, 1886-இல் துலீப் சிங் மனைவி மக்களோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். ஏடனில் தடுத்து நிறுத்தினார்கள். குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. அவர் பாரிஸ் போய்விட்டார். அடுத்த ஆண்டு சோஃபியா டைபாய்டில் படுத்தார். கூடவே இருந்து பார்த்துக்கொண்ட அம்மாவுக்கும் காய்ச்சல் வந்தது. மகள் பிழைத்தார், அம்மா இறந்துவிட்டார். 1893-இல் அப்பாவும் பாரிஸில் காலமானார். சோஃபியாவின் அரண்மனை வாழ்க்கையைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த ஏழு ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள்.

அம்மா ஆங்கிலேயரா?

இல்லை. பம்பா முல்லர், கெய்ரோவில் வளர்ந்தவர். அவருடைய தந்தை ஜெர்மன் வணிகர், தாய் அபிசீனியப் பெண், அதாவது இன்றைய எத்தியோப்பியா. ஆக, சோஃபியாவின் உடலில் ஆங்கிலேய ரத்தம் கிடையாது. வளர்ப்பு, மொழி, பழக்கவழக்கம் முழுக்க ஆங்கிலம். 'இந்தியரா, ஆங்கிலேயரா' என்று ஒரே சொல்லில் பதில் கேட்பவர்களுக்கு என்னால் அப்படிச் சொல்ல முடிவதில்லை.

நல்ல வீடு, பணம், நாய்க்குட்டிங்க, பார்ட்டின்னு இருந்தவருக்கு இந்தப் போராட்டம் எதுக்கு?

இளவயது சோஃபியா அப்படித்தான் இருந்தார். பரிசு நாய்கள் வளர்த்தார். சைக்கிள் பெண்களுக்குப் புதுமையாக இருந்த 1890களில் சைக்கிளோடு பத்திரிகையில் படம் வந்தது. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்கு எதிரே ஃபாரடே இல்லத்தில் வாடகையில்லாமல் வாழ மகாராணி இடம் கொடுத்திருந்தார். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே கடைசிக் காலத்தைக் கழித்த அதே வீடு.

மாற்றம் இந்தியாவில் தொடங்கியது என்பது என் எண்ணம். 1906-07-இல் அவர் லாகூர் வந்தார். தாத்தா ஆண்ட ஊரில் தெருவில் நடந்தார். கோகலேயையும் லாலா லஜபதி ராயையும் சந்தித்தார். அடுத்த சில மாதங்களில் லஜபதி ராயை விசாரணையே இல்லாமல் பர்மாவில் உள்ள மாண்டலேவுக்கு நாடு கடத்தினார்கள். லண்டன் திரும்பியவர் வேறு ஆளாக இருந்தார். கப்பல் கம்பெனிகள் கிழக்கு லண்டன் துறைமுகத்தில் கைவிட்டுப் போன லஸ்கர்களுக்கு, அதாவது நம் நாட்டுக் கப்பல் தொழிலாளர்களுக்கு, தங்க இடம் அமைய உதவினார். 1909-இல், ஓட்டுரிமைக்காகப் போராடிய பெண்கள் சமூக அரசியல் சங்கத்தில் உறுப்பினரானார்.

சஃப்ரஜிஸ்ட், சஃப்ரஜெட் ரெண்டும் ஒண்ணுதானே?

கேட்டது ஒன்றே, வழி வேறு. மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் மனு, கூட்டம், பேச்சு என்று சட்டத்துக்கு உட்பட்டு நடந்தவர்கள் சஃப்ரஜிஸ்டுகள். 'மனுக் கொடுத்துக் கொடுத்தே நாற்பது வருஷம் ஓடிவிட்டது' என்று பொறுமை இழந்து, எமிலின் பாங்கர்ஸ்ட் 1903-இல் மான்செஸ்டரில் தொடங்கிய பெண்கள் சமூக அரசியல் சங்கத்தில் சேர்ந்தவர்கள் சஃப்ரஜெட்டுகள். பேச்சு வேண்டாம், செயல்தான் வேண்டும் என்பது அவர்கள் முழக்கம்.

இந்தப் பிரிவு சோஃபியாவின் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அக்கா கேதரின் ஃபாசெட் பக்கம், தங்கை பாங்கர்ஸ்ட் பக்கம். அக்கா தங்கை உறவு அதனால் கெடவில்லை.

அதுக்கு முன்னாடி அங்கே பெண்களுக்கு ஓட்டே இல்லையா?

நாடாளுமன்றத் தேர்தலில் இல்லை. வரி கட்டும் தனித்த பெண்கள் 1869 முதல் நகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போடலாம். சாக்கடைக்கு ஆள் தேர்ந்தெடுக்கலாம், சட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இந்த அநியாயம் மனதில் பதிந்தால்தான் பின்னால் வரும் வரி மறுப்பு புரியும்.

'கறுப்பு வெள்ளி'ன்னு சொல்றாங்களே, அன்னிக்கு என்ன நடந்தது?

1910 நவம்பர் 18. சொத்துள்ள பத்து லட்சம் பெண்களுக்காவது ஓட்டுக் கொடுக்கலாம் என்று எல்லாக் கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து கொண்டுவந்த சமரச மசோதாவை, பிரதமர் ஆஸ்க்வித் நேரமில்லை என்று கைவிட்டார். அன்று ஏறக்குறைய முந்நூறு பெண்கள் கேக்ஸ்டன் மண்டபத்திலிருந்து சிறு சிறு குழுக்களாக நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தார்கள். முதல் குழுவில் பாங்கர்ஸ்ட், பிரிட்டனில் மருத்துவராகத் தகுதி பெற்ற முதல் பெண்ணான எலிசபெத் காரெட் ஆண்டர்சன், இயற்பியலாளர் ஹெர்தா அயர்ட்டன் ஆகியோரோடு சோஃபியாவும் இருந்தார்.

முதல் குழுவை நாடாளுமன்ற வாசல்வரை விட்டார்கள். பிறகு வந்தவர்களைப் போலீஸ் அடித்தது, தூக்கி எறிந்தது, மார்பைத் திருகியது. ஏறக்குறைய ஆறு மணி நேரம். வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. பின்னர் திரட்டிய 135 வாக்குமூலங்களில் 29 பாலியல் அத்துமீறலைச் சொன்னவை. 115 பெண்களும் 4 ஆண்களும் கைதானார்கள். மறுநாளே வழக்குகளைக் கைவிட்டது அரசு. விசாரணை நடந்தால் உண்மை வெளியே வரும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சோஃபியா வாசலில் நிற்கவில்லை. ஒரு போலீஸ்காரர் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தரையில் தள்ளுவதைக் கண்டு கூட்டத்துக்குள் புகுந்து நடுவே நின்றார். இவர் யார் என்று தெரிந்ததும் அந்த ஆள் நழுவப் பார்த்தார். சோஃபியா விடாமல் பின்தொடர்ந்து அவருடைய எண்ணைப் பார்த்துக்கொண்டார்: வி 700. அதைக் குறிப்பிட்டுப் புகார் எழுதினார், பதில் வராதபோது மறுபடியும் எழுதினார். உள்துறை அமைச்சராக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். இவருக்கு இனிப் பதில் அனுப்ப வேண்டாம் என்று கோப்பில் குறிப்பு எழுதினார்.

இவ்வளவு செஞ்சும் ஜெயிலுக்குப் போகலைன்னு படிச்சேன். பேருக்குத்தான் போராடினாரா?

சிறைக்குப் போகவில்லை என்பது சரி. பேருக்குப் போராடினார் என்பது தவறு. 1911 பிப்ரவரியில் ஆஸ்க்வித்தின் கார் கிளம்பும்போது அதன் முன்னால் பாய்ந்து 'பெண்களுக்கு ஓட்டுக் கொடு' என்ற பதாகையை விரித்தவர் இவர். வேறு யாராக இருந்தாலும் ஹாலோவே சிறைதான். அங்கே உண்ணாவிரதம் இருந்த பெண்களை அழுத்திப் பிடித்து மூக்கு வழியாகக் குழாய் செருகிக் கஞ்சி ஊற்றிய காலம் அது. மகாராணியின் ஞானமகளுக்கு, ரஞ்சித் சிங்கின் பேத்திக்கு அப்படி நடந்தது என்ற செய்தி பஞ்சாபுக்குப் போனால் என்ன ஆகும்? அந்தப் பயம் அரசுக்கு இருந்தது.

தோழிகள் சிறையில் இருக்கும்போது தன்னை மட்டும் விட்டுவிடுவது சோஃபியாவுக்குக் கிடைத்த சலுகை. அந்தச் சலுகை எட்டாத ஓர் இடத்தை அவர் தேடினார். அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

வரி கட்ட மாட்டேன்னாராமே, அது எப்படி?

1909-இல் பெண்கள் வரி மறுப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. 'ஓட்டு இல்லையேல் வரி இல்லை' என்பது அதன் சொல். சோஃபியா அதில் முக்கியமானவர். அந்தக் காலத்து பிரிட்டனில் நாய் வளர்க்க லைசென்ஸ் வேண்டும், ஒரு நாய்க்கு ஏழரை ஷில்லிங். ஆண் வேலைக்காரர் வைத்திருந்தால் அதற்கும் லைசென்ஸ், வண்டிக்கும் வண்டியில் குடும்பச் சின்னம் பொறிப்பதற்கும் லைசென்ஸ். சோஃபியா எதையும் எடுக்கவில்லை. 1911 மே மாதம் வேலைக்காரர், ஐந்து நாய், வண்டி ஆகியவற்றுக்காக மூன்று பவுண்டு அபராதம் விதித்தார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் ஆறு ஷில்லிங் பாக்கிக்காக ஏழு வைரக்கல் பதித்த மோதிரத்தை ஜப்தி செய்து ஆஷ்ஃபோர்டில் ஏலம் விட்டார்கள். ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத பாக்கிக்கு வைர மோதிரம்! சோஃபியா ஏலக்கூடத்தில் எழுந்து நின்று, ஆட்சியில் குரல் இல்லாத பெண்களிடம் வரி பிடுங்குவது அநீதி என்று சொன்னார். சங்கத்து உறுப்பினர் ஒருவர் மோதிரத்தைப் பத்துப் பவுண்டுக்கு எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

1913 டிசம்பரில் மறுபடியும். இந்த முறை அபராதம் பன்னிரண்டரை பவுண்டு. 131 முத்துக்கள் கோத்த மாலையும் முத்தும் வைரமும் பதித்த தங்க வளையலும் ட்விக்கன்ஹாம் நகர மண்டபத்தில் ஏலத்துக்கு வந்தன. மாலை பத்துப் பவுண்டு, வளையல் ஏழு பவுண்டு. எடுத்தவர்கள் சங்கத்துப் பெண்கள். நகை அன்றே உடையவரிடம் போய்ச் சேர்ந்தது. நீதிமன்றத்தில் அவர் கேட்ட கேள்வியின் சாரம் இது: பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்க நான் தகுதியற்றவள் என்றால், வரி கட்ட மட்டும் எப்படித் தகுதி வந்தது? அரசு என்னைக் குடிமகளாக ஏற்கட்டும், என் பங்கை மனமுவந்து கட்டுவேன்.

கடைசியில பணம் அரசுக்குப் போயிடுச்சே. அப்புறம் என்ன பிரயோஜனம்?

போயிற்று. பணத்தைத் தடுப்பது நோக்கமாக இருந்திருந்தால் அது தோல்விதான். ஏலம் சட்டப்படி நடக்கும் பொதுக்கூட்டம் என்பதைக் கண்டுகொண்டதுதான் சங்கத்தின் சாமர்த்தியம். மண்டபம், ஆள் கூட்டம், நிருபர் எல்லாவற்றையும் அரசே ஏற்பாடு செய்து கொடுக்கும். இவர்கள் போய்ப் பேச வேண்டியது மட்டும்தான்.

இன்னொன்று. பஞ்சாபின் கருவூலத்தையும் கோகினூரையும் எடுத்துப் போன அதே அரசு, அந்த வம்சத்துப் பெண்ணின் கையிலிருந்து மோதிரத்தையும் கழற்றியது. ஏலக்கூடத்தில் இருந்த ஆங்கிலேயர்களில் எத்தனை பேருக்கு அது உறைத்ததோ, சோஃபியாவுக்கு உறைக்காமல் இருந்திருக்காது. முதல் பதிலில் சொன்ன அந்தப் பத்து வயதுக் கையெழுத்தை நினைக்காமல் இந்தக் காட்சியை என்னால் வாசிக்க முடிவதில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் எதிர்த்தாராமே?

1911 ஏப்ரல் 2 இரவு நடந்த கணக்கெடுப்பு. பெண்கள் பலர் வீட்டில் இல்லாமல் இரவெல்லாம் வெளியே சுற்றினார்கள். எமிலி டேவிசன் என்ற சஃப்ரஜெட் நாடாளுமன்றக் கட்டடத்திலேயே ஓர் அலமாரிக்குள் ஒளிந்துகொண்டார், முகவரி நாடாளுமன்றம் என்று வரட்டும் என்று. சோஃபியா படிவத்தின் குறுக்கே எழுதினார்: ஓட்டு இல்லையேல் கணக்கு இல்லை. பெண்களை ஒரு பொருட்டாக எண்ணாத நாட்டில் எண்ணப்படவும் பெண்கள் மறுக்கிறார்கள்.

அரசர் கொடுத்த வீட்டுலயே இருந்துகிட்டு அரசாங்கத்தை எதிர்க்கிறது நியாயமா?

அரண்மனையும் இதைத்தான் கேட்டது. முகப்பில் சொன்ன புகைப்படம் எடுக்கப்பட்ட அதே 1913-இல், இந்தப் பெண்ணைக் கட்டுப்படுத்த ஏதேனும் பிடி உண்டா என்று அரண்மனை தரப்பிலிருந்து, இந்திய விவகாரங்களைக் கவனித்த லண்டன் அரசுத் துறையான இந்தியா அலுவலகத்திடம் விசாரித்தார்கள். வீட்டைவிட்டு வெளியேற்றும் பேச்சும் எழுந்தது. வெளியேற்றவில்லை.

என் பதில்: அந்த வீடும் உதவித்தொகையும் தானமாக வந்தவை என்று வைத்துக்கொண்டால் கேள்வி நியாயம். ஒரு பேரரசைக் கைப்பற்றியதற்கு ஈடாகக் கொடுத்த சிறு துண்டு என்று பார்த்தால் கேள்வியே எழாது. தவிர, நடுராத்திரியில் ரகசியமாக எதையும் செய்யாமல், வீடு கொடுத்தவர்களின் வாசலுக்கே போய் நின்று பத்திரிகை விற்றார்.

முதல் உலகப்போர்ல பிரிட்டிஷ் அரசுக்கே வேலை பார்த்தாரே, அது முரண் இல்லையா?

போர் தொடங்கியதும் பாங்கர்ஸ்ட் போராட்டத்தை நிறுத்திவைத்தார். சோஃபியா செஞ்சிலுவைச் சங்கத் தொண்டராகி 1915 முதல் 1917 வரை ஐல்வொர்த்தில் ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்தார். பிரான்ஸ் போர்முனையில் அடிபட்ட இந்தியச் சிப்பாய்களைப் பிரைட்டனில் வைத்திருந்தார்கள். சோஃபியா அவர்களைப் பார்க்கப் போனார். நர்ஸ் உடுப்பில் கட்டில் ஓரம் உட்கார்ந்திருப்பவர் ரஞ்சித் சிங்கின் பேத்தி என்று சொன்னபோது சீக்கிய வீரர்களால் நம்ப முடியவில்லை. கூலிக்குப் போர் செய்யப் போன ஏழை விவசாயிகள் அவர்கள். அரசு யாருடையதாக இருந்தால் என்ன, காயம் அவர்களுடையது. முரணாக எனக்குத் தோன்றவில்லை.

1918-ல எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு வந்துடுச்சு இல்லையா?

எல்லாருக்கும் இல்லை. முப்பது வயது ஆகியிருக்க வேண்டும், தனக்கோ கணவருக்கோ குறிப்பிட்ட சொத்துத் தகுதியும் இருக்க வேண்டும். அப்படிச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 84 லட்சம் பேர். அதுவரை ஆண்களிலும் பத்தில் நான்கு பேர் அளவுக்கு ஓட்டு இல்லாமல்தான் இருந்தார்கள். 1918 சட்டம் 21 வயதான ஆண்கள் எல்லாருக்கும் கொடுத்தது. போரில் ஆண்கள் லட்சக்கணக்கில் இறந்திருந்ததால், பெண் வாக்காளர் எண்ணிக்கை ஆண்களைத் தாண்டிவிடக் கூடாது என்றே முப்பது என்ற வரம்பு.

சம உரிமை 1928-இல்தான் வந்தது. சட்டம் நிறைவேறச் சில வாரங்களுக்கு முன் எமிலின் பாங்கர்ஸ்ட் இறந்துபோனார். 1930-இல் அவருக்குச் சிலை திறந்தபோது மலர் அலங்காரக் குழுவுக்குத் தலைமை சோஃபியா.

ஊர்வலத்துல சேலை கட்டின பெண்கள் படம் ஒண்ணு சுத்துது. அதுல எது சோஃபியா?

அந்தப் படம் 1911 ஜூன் 17-இல் மன்னர் முடிசூட்டு விழாவையொட்டி ஓட்டுரிமை கேட்டு ஏறக்குறைய நாற்பதாயிரம் பெண்கள் நடத்திய முடிசூட்டு ஊர்வலத்தில் எடுத்தது. அதில் இருப்பவர்களுள் ஒருவர் லோலிதா ராய். சோஃபியாவைத் தேட வேண்டாம். பேரரசின் எல்லா மூலைப் பெண்களும் எங்கள் பக்கம் என்று காட்ட அமைப்பாளர்கள் இந்தியப் பெண்களைத் தனி அணியாக நடக்க வைத்தார்கள். சோஃபியா சங்கத்தில் இந்திய அடையாளமாக நிற்காமல், வரி மறுப்பு வழக்கில் சிக்கிய உள்ளூர் உறுப்பினராக நின்றவர். படங்களிலும் அவர் மேல்நாட்டு உடையில்தான் இருக்கிறார். இணையத்தில் இந்தப் படத்தோடு அவர் பெயரைப் போடுவதால், லோலிதா ராய் போன்றவர்களின் பெயர் காணாமல் போகிறது. எனக்கு அதுதான் வருத்தம்.

இதுக்கும் நம்ம சென்னைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

சோஃபியா வழியாக இல்லை, அவருடைய சக போராளி ஒருவர் வழியாக உண்டு. அதே 1910 நவம்பரில் டப்ளினிலிருந்து லண்டன் வந்து போராடி ஹாலோவே சிறைக்குப் போனவர் மார்கரெட் கசின்ஸ். 1915-இல் இந்தியா வந்தார். 1917-இல் அடையாறில் அன்னி பெசன்ட், டாரதி ஜினராஜதாசா ஆகியோரோடு இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியா விவகார அமைச்சர் மாண்டேகுவைச் சென்னையில் சந்தித்து ஓட்டுரிமை கேட்ட பெண்கள் குழுவுக்குத் தலைமை சரோஜினி நாயுடு. 1921-இல் சென்னை மாகாணச் சட்டமன்றம், சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது. ஆணுக்கு என்ன தகுதியோ அதே தகுதி. பிரிட்டனில் 21 வயதுப் பெண் இன்னும் காத்திருந்த காலத்தில் இது நடந்தது.

கடைசிவரை கிறிஸ்தவராவே இருந்தாரா? குழந்தைங்க உண்டா?

திருமணம் செய்துகொள்ளவில்லை. துலீப் சிங்கின் எட்டுப் பிள்ளைகளோடு அந்த வம்சம் நின்றுவிட்டது. அக்கா கேதரின் ஜெர்மனியில் வாழ்ந்தபோது யூதக் குடும்பங்கள் தப்பிக்க உதவியவர். பின் இங்கிலாந்து திரும்பி பக்கிங்ஹாம்ஷயரில் பென் என்ற கிராமத்தில் இருந்தார். இரண்டாம் உலகப்போரில் சோஃபியாவும் அங்கே போய்ச் சேர்ந்தார், லண்டனிலிருந்து அனுப்பப்பட்ட குழந்தைகளுக்கு வீட்டில் இடம் கொடுத்தார். 1942-இல் கேதரின் இறந்தார்.

சோஃபியா 1948 ஆகஸ்ட் 22-இல் காலமானார். பிறந்ததும் ஞானஸ்நானம் பெற்றவர்தான். ஆனால் தன்னைச் சீக்கிய முறைப்படி தகனம் செய்து சாம்பலை இந்தியாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். கோல்டர்ஸ் கிரீனில் தகனம் நடந்தது. சாம்பலை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர் மூத்த அக்கா பம்பா. அவர் வாழ்ந்துகொண்டிருந்த லாகூர், அதற்கு ஓராண்டு முன்பே பாகிஸ்தான் ஆகியிருந்தது.